வலையா, கிரீமா, சுருளா? கடிக்கிற நேரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்

கொசுவுக்கு எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். ஒருவர் வலை என்பார், ஒருவர் சுருள் என்பார், இன்னொருவர் லிக்விட் போடாமல் தூக்கமே வராது என்பார். அவரவர் அனுபவத்தில் எல்லோரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் எந்தக் கொசு, எந்த நேரத்தில் கடிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. டெங்கு பரவும் இடத்தில் இரவு வலையை மட்டும் நம்பியிருப்பவருக்குப் பகல் முழுக்கப் பாதுகாப்பு கிடையாது. மலேரியா உள்ள இடத்தில் மாலையில் கிரீம் பூசிக்கொண்டு, வலை இல்லாமல் படுப்பவருக்கு நள்ளிரவுக்கு மேல் பாதுகாப்பு கிடையாது. இரண்டு பேருமே ஏதோ செய்துவிட்டோம் என்ற நிம்மதியில் இருப்பார்கள் என்பதுதான் கவலை.

பூச்சிகள் முதலான கடத்திகளால் பரவும் நோய்களுக்கு ஆண்டுக்கு 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பலியாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மலேரியாவுக்கு மட்டும் 2023இல் சுமார் 5 லட்சத்து 97 ஆயிரம் பேர். அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில், அதிலும் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அதனால் இந்தத் தேர்வைக் கொஞ்சம் பொறுமையாகவே செய்யலாம்.

கடிப்பது யார், எப்போது

மலேரியாவைப் பரப்புவது அனாஃபிலஸ். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டது இந்தக் கொசுவின் வயிற்றுச் சுவரில்தான். பெரும்பாலான அனாஃபிலஸ் இனங்கள் பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை கடிக்கும். சுவரில் உட்காரும்போது பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்காரும். கண்டுபிடிக்க எளிய அடையாளம் அது.

டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா, மஞ்சள் காய்ச்சல் ஆகியவற்றைப் பரப்புவது ஏடிஸ். கறுத்த உடம்பு, கால்களில் வெள்ளைப் பட்டைகள். இது பகலில் கடிக்கும். விடிந்தபின் ஓரிரு மணி நேரமும், இருட்டுவதற்கு முந்தைய சில மணி நேரமும் இதற்கு உச்ச நேரம். மேஜைக்கு அடியில் கணுக்காலைத் தேடி வரும். கையை ஓங்கினால் விலகிப் பறந்து, மறுபடி வந்து வேறொரு இடத்திலோ பக்கத்தில் இருப்பவரையோ கடிக்கும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே இப்படி இரண்டு மூன்று பேரைக் கடிப்பதால் ஒரே ஒரு கொசு ஒரு குடும்பத்தையே படுக்க வைத்துவிட முடியும்.

மூன்றாவது கியூலெக்ஸ். இரவில் காதருகே ரீங்காரமிட்டுத் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். சாக்கடை நீரில் வளரும் இனம் யானைக்கால் நோயைப் பரப்புகிறது. நெல்வயல் நீரில் வளரும் இன்னோர் இனம் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புகிறது.

எல்லா வழிகளையும் எடைபோட உதவும் விஷயம் ஒன்று உண்டு. நோயாளியைக் கடித்த கொசு மறுநாளே அடுத்தவருக்கு நோயைக் கொடுத்துவிடாது. கிருமி கொசுவின் குடலைத் தாண்டி உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். டெங்குவில் அதற்குச் சுமார் 8 முதல் 12 நாள் ஆகும். மலேரியாவிலும் ஏறக்குறைய 10 நாளோ அதற்கு மேலோ ஆகும். சில வாரங்களே வாழும் பூச்சிக்கு இது நீண்ட காலம். ஆக, ஆபத்தானது வயதான கொசுதான். கொசுவின் ஆயுளைச் சில நாள் குறைத்தாலே நோய்ச் சங்கிலி பல இடங்களில் அறுந்துவிடும். கொசுவை விரட்டி மட்டும் விடுகிற வழியையும், கொன்றுவிடுகிற வழியையும் ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது.

அப்புறம், தடுப்பூசி இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் காய்ச்சலுக்கு ஒரு தவணை போட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஆயுளுக்கும் போதும். ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கும் உண்டு. மலேரியாவுக்குக் குழந்தைகளுக்கான இரண்டு தடுப்பூசிகளை உலக சுகாதார நிறுவனம் 2021, 2023 ஆண்டுகளில் பரிந்துரைத்தது. ஆனால் எந்தத் தடுப்பூசியும் மற்ற கொசு நோய்களைத் தடுக்காது. கடிபடாமல் பார்த்துக்கொள்வது எப்படியும் வேண்டும்.

இரவுக்கு: கட்டில் வலையா, ஜன்னல் வலையா

இரவில் கடிக்கும் கொசுவுக்கு என் முதல் தேர்வு, யோசிக்காமல் சொல்வேன், மருந்தூட்டிய கட்டில் வலை. சாதாரண வலை ஒரு தடுப்பு மட்டுமே. தூக்கத்தில் முழங்கை வலையில் ஒட்டினால் வெளியே இருந்தபடியே கொசு கடித்துவிடும். சின்னக் கிழிசல் இருந்தால் போதும், உள்ளே வந்துவிடும். பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி மருந்து ஊறிய வலையில் உட்கார்ந்த கொசு பெரும்பாலும் பிழைக்காது. மனித வாடையைத் தேடி வருகிற கொசுக்களை வலையே கொல்வதால், வலைக்குள் தூங்குபவருக்கு மட்டுமல்லாமல் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பலன் கிடைக்கிறது. மேலே சொன்ன வயதுக் கணக்கு இங்கேதான் வேலை செய்கிறது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை இரத்தம் தேடி வரும் கொசு, நோய் பரப்பும் வயதை எட்டுவதற்குள் ஏதாவது ஒரு வலையில் மாட்டிக்கொள்ளும். மருந்தூட்டிய வலைகளை வைத்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வலையே இல்லாத நிலையோடு ஒப்பிட்டால் குழந்தை இறப்பு சுமார் 17 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு துணிக்கு இது பெரிய சாதனை.

குறையும் உண்டு. பல இடங்களில் அனாஃபிலஸ் கொசுக்களுக்குப் பைரித்ராய்டு எதிர்ப்பு வந்துவிட்டது. அதனால்தான் அந்த எதிர்ப்பை முறிக்க உதவும் பிபிஓ என்ற பொருள் சேர்த்த வலைகளும், குளோர்ஃபெனாபிர் என்ற இரண்டாவது மருந்து சேர்ந்த வலைகளும் வந்தன. எதிர்ப்பு உள்ள பகுதிகளில் பழைய வகையைவிட இவை மேல். தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் இந்தப் புது வகையைக் கேளுங்கள்.

வலை பலன் தருவதும் தராததும் அதைக் கட்டும் விதத்தில் இருக்கிறது. புதிய மருந்து வலையை நிழலில் ஒரு நாள் காற்றாட விட்டுவிட்டுக் கட்டலாம். ஓரங்களைத் தரைவரை தொங்கவிட்டு விடாமல் மெத்தைக்கு அடியில் சுற்றிலும் செருக வேண்டும். படுப்பதற்கு முன் உள்ளே ஒரு முறை வெளிச்சம் அடித்து மூலைகளைப் பாருங்கள். உள்ளே மாட்டிய ஒரு கொசு இரவு முழுக்க விருந்து சாப்பிடும். துவைப்பதற்குச் சாதாரண சோப்பு போதும். வெயிலில் காயப்போட்டால் மருந்து சீக்கிரம் போய்விடும். அந்தத் தண்ணீரைக் குளத்திலோ ஓடையிலோ ஊற்றக் கூடாது. பைரித்ராய்டு மீன்களுக்கு நஞ்சு. நீண்டகால மருந்து வலைகள் ஏறக்குறைய 20 சலவையும் 3 ஆண்டுப் பயன்பாடும் தாங்கும் என்ற கணக்கில் செய்யப்படுகின்றன.

ஜன்னல் வலை வேறு வகையில் நல்லது. ஒரு முறை அடித்துவிட்டால் தினமும் கட்ட வேண்டாம், செருக வேண்டாம். பகல் கொசுவையும் இரவுக் கொசுவையும் ஒரே மாதிரி தடுக்கும். படுக்கைக்கு வெளியே நடமாடும் மாலை நேரத்துக்கும் சேர்த்துப் பாதுகாப்பு. ஆனால் வீடு முழுக்க அடைத்தால்தான் பலன். ஒரு ஜன்னலை விட்டுவிட்டாலோ, கதவை அடிக்கடி திறந்து போட்டாலோ, கூரைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருந்தாலோ கொசு வந்துவிடும். வந்த கொசு வெளியேறவும் முடியாமல் உள்ளேயே தங்கிவிடும். சொந்த வீடு, நல்ல கட்டுமானம் என்றால் ஜன்னல் வலைக்குச் செலவு செய்யலாம். அடிக்கடி வீடு மாறுபவர்கள், ஓட்டை உடைசல் உள்ள வீட்டில் இருப்பவர்கள், பயணம் போகிறவர்கள் கட்டில் வலையோடு இருப்பதே மேல்.

மின்விசிறியைப் பலரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கொசு பலவீனமாகப் பறக்கும் பூச்சி. வேகமான காற்றில் நம் மேல் உட்கார முடியாமல் தடுமாறும். நாம் விடும் மூச்சுக்காற்றைப் பிடித்துக்கொண்டுதான் நம்மைத் தேடி வருகிறது. காற்று அந்தத் தடயத்தையும் கலைத்துவிடும். நோயைத் தடுக்க அதை மட்டும் நம்ப முடியாது, ஆனால் நல்ல துணை.

பகலுக்கு: பூசுவதா, புகைப்பதா

பகலில் வலைக்குள் உட்கார்ந்திருக்க முடியாது. ஏடிஸ் கடிக்கிற இடத்தில் உடம்பில் பூசும் கிரீமும் முழுக்கை, முழுக்கால் உடையும்தான் கூடவே வருகிற பாதுகாப்பு.

கிரீம் வாங்கும்போது பெயரைப் பார்க்காமல், அட்டையில் அச்சிட்ட மருந்தையும் சதவீதத்தையும் பாருங்கள். டீட் 1940களில் அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது. இவ்வளவு காலம் இத்தனை பேர் பூசிப் பார்த்த விரட்டி வேறு இல்லை. 10 சதவீதம் ஏறக்குறைய 2 மணி நேரம் தாங்கும், 20 முதல் 25 சதவீதம் 4, 5 மணி நேரம். சதவீதம் கூடினால் விரட்டும் வலு கூடும் என்று நினைக்கிறார்கள். கூடுவது நேரம் மட்டும்தான். 50 சதவீதத்துக்கு மேல் அதுவும் கூடாது. வியர்த்துக் கொட்டினால் எல்லா நேரமும் குறையும், மறுபடி பூச வேண்டும். டீட் பிளாஸ்டிக்கை அரிக்கும். மூக்குக்கண்ணாடிச் சட்டம், கைக்கடிகாரம் இவற்றில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிகாரிடின் 20 சதவீதம் ஏறக்குறைய அதே அளவு வேலை செய்யும், பிசுபிசுப்பு இல்லை, பிளாஸ்டிக்கைத் தொடாது. தினமும் பூச வேண்டியவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஏனென்றால் நெடி பிடிக்கவில்லை, ஒட்டுகிறது என்று மூன்றாம் நாளே அலமாரியில் வைத்துவிடுகிற கிரீமால் யாருக்கும் பயன் இல்லை. இயற்கைச் சரக்குதான் வேண்டும் என்பவர்களுக்கு எலுமிச்சை மணமுள்ள யூகலிப்டஸிலிருந்து எடுக்கும் பிஎம்டி உண்டு. அது உண்மையாகவே பல மணி நேரம் தாங்கும். ஆனால் 3 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு வேண்டாம். அதே இலையிலிருந்து வடிக்கும் வெறும் வாசனை எண்ணெய் இதற்கு ஈடாகாது. சிட்ரோனெல்லா எண்ணெய் மணக்கும், ஆனால் பெரும்பாலும் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

சன்ஸ்கிரீனும் பூசுவதானால் முதலில் அது, காய்ந்தபின் இது. உடைக்கு உள்ளே பூச வேண்டாம், வெளியே தெரிகிற தோலுக்கு மட்டும் போதும்.

சரி, சுருளுக்கு வருவோம். அது கொசுவைக் குறைக்கும், அதில் சந்தேகம் இல்லை. சிக்கல் புகையில் இருக்கிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடிக்கும்போது வெளிவரும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று அளந்து சொன்னது. மூடிய அறையில், கைக்குழந்தையோ ஆஸ்துமா உள்ளவரோ தூங்கும் இடத்தில், இரவு தோறும் இதைக் கொளுத்துவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. திறந்த முற்றத்தில் மாலை ஒரு மணி நேரத்துக்கு என்றால் வேறு விஷயம்.

மின்சாரத்தில் போடும் லிக்விட் புகை விடாது. சுருளோடு ஒப்பிட்டால் அது மேல். ஆனால் அதுவும் பைரித்ராய்டு ஆவிதான், ஓரளவு காற்றோட்டம் வேண்டும். அறை பெரிதாக இருந்தாலோ ஜன்னல் எல்லாம் திறந்திருந்தாலோ பலன் மங்கிவிடும். மின்சாரம் போனால் அதுவும் போச்சு. அந்தச் சின்னப் புட்டி குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும், குடித்துவிட்டால் விபரீதம். மீன் தொட்டி உள்ள அறையில் வேண்டாம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒலியால் கொசுவை விரட்டும் கருவிகளும் செல்பேசிச் செயலிகளும் வேலை செய்வதில்லை. மணிக்கட்டில் கட்டும் விரட்டிப் பட்டை, கட்டிய இடத்தைச் சுற்றிச் சில அங்குலத்துக்குக்கூட நம்பகமான காவல் தருவதில்லை. நீல விளக்குப் பூச்சிக்கொல்லியை வாங்கவே வேண்டாம். அமெரிக்காவில் 1996இல் வெளியான ஓர் ஆய்வில், அப்படிப்பட்ட விளக்குகளில் செத்த 13,789 பூச்சிகளில் கடிக்கும் இனம் வெறும் 31. மீதியெல்லாம் நமக்குத் தீங்கு செய்யாதவை, பல நன்மை செய்பவை. கொசு பேட் நல்லதுதான், வலைக்குள் மாட்டிய ஒன்றிரண்டைத் தீர்க்க.

பிறக்கும் இடத்தில் அழிப்பதா, பறக்கும்போது அழிப்பதா

காய்ச்சல் பரவத் தொடங்கியதும் மக்கள் முதலில் கேட்பது புகை மருந்து அடிப்பதைத்தான். வண்டி வந்து தெருவெல்லாம் வெள்ளையாகப் புகை சூழ்ந்தால் ஏதோ நடக்கிறது என்ற தைரியம் வருகிறது. அந்தப் புகை, அது மிதக்கும் நேரத்தில் அங்கே பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும். ஏடிஸ் பெரும்பாலும் வீட்டுக்குள், கட்டிலுக்கு அடியில், தொங்கும் துணிகளின் மடிப்பில் ஓய்வெடுக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டால் புகை அங்கே போகாது. முட்டைக்கும் புழுவுக்கும் அது ஒன்றும் செய்யாது. சில நாளில் அடுத்த கூட்டம் இறக்கை விரித்துவிடும். நோய் வேகமாகப் பரவும் நேரத்தில், தொற்றுள்ள கொசுக்களைச் சட்டென்று குறைக்க அதற்கு ஓர் இடம் உண்டு. அதைத் தாண்டி அதை நம்பக் கூடாது.

தண்ணீர் வாளியை ஒரு முறை உற்றுப் பாருங்கள். மேலே நிழல் விழுந்ததும் நெளிந்து நெளிந்து கீழே ஓடுகிறதே, அதுதான் கொசுப்புழு. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் மூச்சுவிட மறுபடி மேலே வரும். ஏடிஸ் புழுவும் கியூலெக்ஸ் புழுவும் வாலைத் தண்ணீர் மட்டத்தில் ஒட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். அனாஃபிலஸ் புழு மட்டத்தோடு படுக்கையாக மிதக்கும். முட்டையிலிருந்து கொசு ஆக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒரு நாள் எல்லாப் பாத்திரங்களையும் காலி செய்யச் சொல்கிறார்கள்; அந்த இடைவெளியில் எந்தப் புழுவும் கொசுவாக முடியாது.

காலி செய்தால் மட்டும் போதாது என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஏடிஸ் தன் முட்டையைத் தண்ணீரில் இடாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உள்சுவரில் ஒட்டவைக்கும். கறுப்பு மிளகுத்தூள் தூவினாற்போலச் சிறு புள்ளிகள். தண்ணீரைக் கொட்டினாலும் அவை அங்கேயே இருக்கும். காய்ந்த நிலையிலேயே பல மாதம் உயிரோடு கிடந்து, அடுத்து தண்ணீர் மட்டம் ஏறித் தொட்டதும் பொரிக்கும். அதனால் தேய்க்கும் பிரஷை எடுத்து உள்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத் தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் உள்ள தட்டு, பழைய டயர், ஓரமாகப் போட்ட தேங்காய் ஓடு, மொட்டை மாடித் தொட்டியின் சரியாக மூடாத மூடி, மழைநீர்க் குழாயின் அடைப்பு என்று அது தேடிப்பிடிக்காத இடம் இல்லை. இந்தக் கொசு தன் வாழ்நாளில் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குமேல் போவதில்லை. உங்களைக் கடித்தது உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததாகத்தான் இருக்கும்.

கொட்ட முடியாத பெரிய தொட்டிகளுக்கு இறுக்கமான மூடி போடலாம், அல்லது கொசுப்புழுவைக் கொல்லும் பிடிஐ என்ற பாக்டீரியா மருந்தை இடலாம். அளவாக இட்டால் அது மனிதருக்கும் மீனுக்கும் தீங்கு செய்யாது. கம்பூசியா, கப்பி மீன்கள் புழுவைத் தின்னும்தான். வெளி நீர்நிலையோடு தொடர்பில்லாத தொட்டிக்குள் மட்டும் விடுங்கள், குளத்திலும் ஆற்றிலும் விட்டால் அங்கே இருக்கும் மீன்களையே ஒழித்துவிடும்.

ஊர் அளவில் முடிவெடுப்பவர்கள் ஒல்பாகியா வழியையும் பார்க்க வேண்டும். இந்தப் பாக்டீரியா உள்ள ஏடிஸ் கொசுவுக்குள் டெங்கு வைரஸ் பெருகுவது கடினம். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் அப்படிப்பட்ட கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. அந்த முடிவு 2021இல் வெளியானது. தனி வீட்டுக்காரர் செய்யக்கூடிய காரியம் அல்ல, ஆனால் நகராட்சிகள் புகை வண்டிக்குச் செலவிடுவதற்கு முன் இதைப் பரிசீலிக்கலாம்.

மற்ற பூச்சிகளுக்கு இதே விதி செல்லாது

கொசுவுக்கு ஏற்றது எல்லாவற்றுக்கும் ஏற்றது என்று நினைத்துவிடக் கூடாது. காலா அசார் என்ற ஒட்டுண்ணிக் காய்ச்சலைப் பரப்பும் மணல் ஈ கொசுவில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். சாதாரண வலையின் கண்ணுக்குள் நுழைந்துவிடும். அதற்கு நுண்ணிய கண் உள்ள வலையோ மருந்தூட்டிய வலையோ வேண்டும். தரையை ஒட்டித் தாவித் தாவிப் பறப்பதால் உயரமான கட்டிலும் ஓரளவு உதவும். ஆப்பிரிக்காவில் உறக்க நோயைப் பரப்பும் ட்செட்ஸி ஈ பகலில், மெல்லிய துணிக்கு மேலேயே கடிக்கும், கிரீமுக்கு அவ்வளவாக அஞ்சாது. நீலமும் கறுப்பும் தவிர்த்த தடித்த உடைதான் அதற்கு வழி. லத்தீன் அமெரிக்காவில் சாகஸ் நோயைப் பரப்பும் முத்தப்பூச்சி சுவர் விரிசலில் ஒளிந்திருக்கும். அங்கே விரிசல்களைப் பூசி அடைப்பது எந்தக் கிரீமையும்விட மேலானது.

டைபஸ் காய்ச்சலைப் பரப்பும் உடைப்பேனுக்கு வலையும் வேண்டாம், கிரீமும் வேண்டாம். 1909இல் துனீசியாவின் துனிஸ் நகரில் சார்ல் நிக்கோல் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். மருத்துவமனை வாசலில் நோயாளியின் உடைகளை வாங்கிக் கையாள்பவர்களுக்கு நோய் தொற்றுகிறது; குளிப்பாட்டி வேறு உடை போட்டபின் அவரைக் கவனிப்பவர்களுக்குத் தொற்றுவதில்லை. உடையில்தான் பேன் குடியிருக்கிறது என்பதை அதிலிருந்து பிடித்தார். உடையை மாற்றுவதும் கொதிக்கும் அளவு சூடான நீரில் துவைப்பதும்தான் இன்றைக்கும் அதற்கு மருந்து. மூட்டைப்பூச்சி இரத்தம் குடித்தாலும் மனிதருக்கு நோய் பரப்புவதாக நிரூபணம் இல்லை, தொல்லைதான்.

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து

இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு எந்தக் கிரீமும் பூசக் கூடாது. தொட்டிலுக்கு வலை, பகல் தூக்கத்துக்கும் வலை. அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு உங்கள் கையில் எடுத்து முகத்தில் தடவுங்கள். அதன் கைகளில் பூசாதீர்கள், வாய்க்குள் போய்விடும். கர்ப்பிணிகள் கிரீமுக்குப் பயந்து பூசாமல் விடுவதைக் கேள்விப்படுகிறேன். அட்டையில் சொன்னபடி பூசினால் டீட், பிகாரிடின் இரண்டும் அவர்களுக்கு ஏற்றவை. கர்ப்பத்தில் வரும் மலேரியாவும் ஜிகாவும் வயிற்றில் இருக்கும் குழந்தைக்குச் செய்யும் கேட்டோடு ஒப்பிட்டால் பூசாமல் இருப்பதுதான் ஆபத்து.

வீட்டில் ஒருவருக்கு டெங்கு என்று தெரிந்துவிட்டால் தேர்வுகளின் வரிசையே மாறிவிடும். காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாள்களில் அவர் இரத்தத்தில் வைரஸ் நிறைய இருக்கும். அப்போது அவரைக் கடிக்கும் ஏடிஸ், ஏறக்குறைய பத்து நாளில் வீட்டில் மற்றவர்களைக் கடிக்கத் தயாராகிவிடும். அதனால் அவரைப் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள், காய்ச்சல் விடும்வரை. அந்த வாரமே வீட்டிலுள்ள தொட்டிகளையும் தட்டுகளையும் தேய்த்துக் கழுவிவிட்டு, பக்கத்து வீடுகளிலும் சொல்லி அன்றைக்கே செய்ய வையுங்கள்.